கொட்டாப்புளியால் பன்னிரண்டு அடி

நான் பி.டி. டீச்சர். இருபது வருஷமா மைதானத்துல கத்திக் கத்தித்தான் எனக்கு இப்படி ஒரு குரல் வந்துடுச்சுன்னு வீட்டுக்காரர் வெளியில சொல்லிக்கிட்டுத் திரிவார். சும்மா. பொறந்ததிலேர்ந்தே எனக்கு வாய் அப்படித்தான். மனசுல ஒண்ணு வந்துட்டா அது நாக்குக்கு வர்றதுக்கு நடுவுல ஒரு நிறுத்தம் கிடையாது. இதை நான் பெருமையா நினைச்சுக்கிட்டிருந்தவ. போன ஐப்பசி வரைக்கும்.

துப்பாக்கி பிடிச்சது காலேஜ் என்.சி.சி.யில. நாத்து நட்டு நட்டே முதுகு வளைஞ்ச குடும்பம் எங்களோடது. தரையில குப்புறப் படுத்து அசையாம ஒரே இடத்தைப் பாருன்னு சொன்னதும், அட, இவ்வளவுதானா, இதுல என்ன கஷ்டம்னு தோணிச்சு. முதல் நாளே நல்லா சுட்டேன். அப்புறம் கல்யாணம், வேலை, பிள்ளைங்கன்னு பதினஞ்சு வருஷம் ஓடிப்போச்சு. தஞ்சாவூருக்கு வெளியில, ஒரு பழைய செங்கல் சூளைக்குப் பக்கத்துல, ஏர் ரைபிள் கிளப் ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சதும் போய்ச் சேர்ந்துட்டேன். பம்பு வச்சுக் காத்து ஏத்திச் சுடுற ரைபிள். உதைக்காது, பெருசா சத்தமும் வராது. ஞாயித்துக்கிழமை ஆனா நான் வீட்டுல இருக்க மாட்டேன்னு எல்லாருக்கும் பழகிப்போச்சு.

நாங்க சுடுறது ஸ்கோப் வச்ச பிரிவு. ஸ்கோப்னா ரைபிள் மேல உட்கார்ற சின்னத் தொலைநோக்கி. உள்ள பார்த்தா மயிரிழை மாதிரி ஒரு கூட்டல் குறி தெரியும். அந்தக் குறி எங்க நிக்குதோ அங்கதான் குண்டு போய் விழணும். திருகைத் திருகித் திருகி ரெண்டையும் ஒண்ணா சேர்க்கறதை ஜீரோ பண்றதுன்னு சொல்வோம். நல்ல ஸ்கோப்பா இருந்தா, ஒரு தடவை ஜீரோ பண்ணிட்டா போதும். இடிச்சாலும் முட்டினாலும் அது அப்படியே நிக்கும். நிக்கலைன்னா அதை வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது.

என்னோட ஸ்கோப்பை சித்திரையில நாகப்பட்டினத்துல ஒரு பாய் கடையில வாங்கினேன். பாய் வளைகுடாவுல பதினோரு வருஷம் கேமரா, பைனாகுலர் ரிப்பேர் பார்த்துட்டு வந்தவர். ஹார்பர் பக்கம் சின்னதா ஒரு கடை. போட்டுக்காரங்களுக்கு பைனாகுலரும் திசைகாட்டியும், எங்களை மாதிரி ஆளுங்களுக்கு ஸ்கோப்பும் விப்பார். ஆறு மாசம் அருமையா இருந்தது. புரட்டாசி கடைசியில ஆரம்பிச்சுது சனியன்.

ஒரு ஞாயித்துக்கிழமை ஜீரோ பண்ணி வச்சுட்டுப் போவேன். அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து சுட்டா குண்டு இடது பக்கம் போகும். அதுக்கடுத்த வாரம் கீழே. எங்க ஊர்லேர்ந்து கிளப்புக்குப் பதினாலு கிலோமீட்டர். வழியில வாய்க்கால் பாலம் மட்டும் ஒன்பது. ஒவ்வொரு பாலத்துலயும் ஸ்கூட்டி ஒரு தூக்கு தூக்கித்தான் போடும். அதுதான் முன்னாடியும் தூக்கிப் போட்டுச்சே? அப்பல்லாம் நகராத ஸ்கோப் இப்ப ஏன் நகருது?

கிளப்புல பேச ஆரம்பிச்சாங்க. "டீச்சருக்கு நாப்பத்தஞ்சு ஆயிடுச்சுல்ல, வெள்ளெழுத்து வந்திருக்கும்"னு ஒருத்தர். "கை நடுக்கமா இருக்கும், சுகர் டெஸ்ட் பண்ணீங்களா?"ன்னு இன்னொருத்தர். வீட்டுக்கு வந்தா இவர் ஒரு படி மேல போய், "கண்ணாடி போட்டுக்கிட்டு சுட்டா இன்னும் அழகா இருப்பே டீச்சரம்மா"ன்னார். கண் டாக்டர்கிட்ட போனேன். கண்ணு ரெண்டும் ஜம்முனு இருக்குன்னு சொல்லிட்டார். அப்புறம் என்ன, ஸ்கோப்தான் கோளாறு. அதை வித்தவர்தான் திருடர். இந்த முடிவுக்கு வர எனக்கு டாக்டர் கிளினிக் படியிலேர்ந்து ஸ்கூட்டி வரைக்கும்தான் ஆச்சு.

அங்கயே நின்னுக்கிட்டு கிளப் வாட்ஸ்அப் குரூப்புல போட்டேன். நாப்பத்தி மூணு பேர் இருக்கற குரூப். "நாகப்பட்டினம் பாய் கடையில யாரும் ஸ்கோப் வாங்காதீங்க. பழைய சரக்குக்கு பெயிண்ட் அடிச்சு விக்கிற ஃபிராடு. நான் ஏமாந்துட்டேன், நீங்களும் ஏமாறாதீங்க." போட்டுட்டு வந்து சாப்பிட்டேன். நல்லா பசிச்சுது.

பாய் அந்த குரூப்புல இல்லை. ஆனா ஒரு வார்த்தை வெளிய போகணும்னா அதுக்கு பஸ்ஸா வேணும்? மூணாம் நாள் அவர்கிட்டேர்ந்து எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. குரல் உயரவே இல்லை. அதுவே எனக்கு எரிச்சலா இருந்தது.

"வணக்கம் டீச்சர். பொருள் சரியில்லைன்னா பொருளைச் சொல்லியிருக்கலாம். நீங்க ஆளைச் சொல்லிட்டீங்க. ரெண்டு பேரு ஆர்டரைத் திருப்பிட்டாங்க, அது போகட்டும். எனக்குக் கடைன்னு இருக்கறது என் பேரு மட்டும்தான். ஒண்ணு பண்ணுங்க. உங்க கிளப்புலயே, எல்லாரும் பார்க்க, அந்த ஸ்கோப்பை அடிச்சுப் பாருங்க. நானும் வர்றேன். அது நகர்ந்துச்சுன்னா இனிமே நான் ஸ்கோப் விக்கிறதில்லை. நகரலைன்னா, எங்க சொன்னீங்களோ அங்கயே திருப்பிச் சொல்லிடுங்க."

"ஞாயித்துக்கிழமை காலையில வாங்க பாய்"னு ஒரே வரியில பதில் அனுப்பினேன். ஜெயிக்கப்போறது யாருன்னுதான் எனக்குத் தெரியுமே.

அந்த நாலு நாளும் எனக்கு வேற நினைப்பே இல்லை. கையில பிடிச்சுச் சுட்டா, டீச்சர் கை ஆடிச்சுன்னு சொல்வாங்க. அதனால ரைபிளை மனுஷக் கையில பிடிக்கவே கூடாது. எங்க ஊர் வெல்டிங் பட்டறையில கெஞ்சி ஒரு பெரிய வைஸ் வாங்கினேன். இரும்பைக் கவ்விப் பிடிக்கிற பிடி அது. அதை கிளப் மேசையில போல்ட் போட்டு முறுக்கி, சைக்கிள் ட்யூபை வெட்டி மெத்தை வச்சேன். அடிக்கிறதுக்கு வீட்டுல முளை அடிக்கிற கொட்டாப்புளி இருந்தது. மரச் சுத்தியல். அதுக்கும் ட்யூபைச் சுத்தினேன். எவ்வளவு வேகமா அடிக்கணும்னு வாசப்படியில உட்கார்ந்து தேங்காய் மேல அடிச்சுப் பழகினேன். பாலத்துல ஸ்கூட்டி குதிச்சா எவ்வளவு அதிருமோ அவ்வளவு. "தேங்கா என்ன பாவம் பண்ணுச்சு"ன்னு இவர் கேட்டார். "பேசாம போங்க, இல்லைன்னா ஆளை மாத்துவேன்"னேன்.

ஞாயித்துக்கிழமை வானம் மூடிக்கிட்டு இருந்தது. சம்பா நடவு முடிஞ்ச வயலெல்லாம் தண்ணி தளும்பிக்கிட்டு கிடந்தது. கிளப்புக்கு வழக்கமா எட்டுப் பேர் வந்தாலே பெருசு. அன்னிக்கு இருபது பேருக்கு மேல. வேடிக்கைன்னா விடுவாங்களா? பாய் ரெண்டு பஸ் மாறி வந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில குடை, தோள்ல ஒரு பை. கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் வந்த மனுஷருக்கு டீ குடுக்காம இருக்க முடியுமா? குடுத்தேன். வாங்கிக்கிட்டார். ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமலே குடிச்சோம்.

கிளப் செயலாளர் ரொம்ப நிதானமான மனுஷர். பஞ்சாயத்துக்கு அவர்தான். சோதனை எப்படின்னு நானே எல்லாருக்கும் சத்தமா சொன்னேன். ரைபிள் வைஸுல இருக்கு, அசையாது. இருபத்தஞ்சு மீட்டர்ல ஒரு வெள்ளைத் தாள். முதல்ல அஞ்சு குண்டு. அஞ்சும் ஒரே ஓட்டையில விழும். ஸ்கோப்போட கூட்டல் குறியைத் திருகி அந்த ஓட்டை மேல கொண்டு வந்து வைப்பேன். அப்புறம் ஸ்கோப்பை மேலே மூணு, இடது மூணு, வலது மூணு, பின்பக்கம் மூணு, மொத்தம் பன்னிரண்டு அடி. அடிச்சு முடிச்சதும் இன்னொரு குண்டு. அந்தக் குண்டும் பழைய ஓட்டையிலயே விழுந்தா ரைபிள் அசையலைன்னு அர்த்தம். அப்ப கூட்டல் குறி மட்டும் ஓட்டையை விட்டு விலகி நின்னா? நகர்ந்தது ஸ்கோப்தான். இதுல கண்ணும் இல்லை, கையும் இல்லை, வயசும் இல்லை.

"நியாயமான சோதனை"ன்னார் பாய். அவர் சொல்லி எனக்கென்ன ஆகணும்னு நினைச்சுக்கிட்டேன்.

அஞ்சு குண்டும் ஒரே ஓட்டையில போச்சு. குறியை அது மேல நிறுத்தினேன். செயலாளர் பார்த்தார், பாய் பார்த்தார், சரின்னாங்க. கொட்டாப்புளியை எடுத்தேன். பன்னிரண்டு அடி. மூணு வாரம் கேட்ட கேலி எல்லாம் அந்த அடியில இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் மேசையே அதிர்ந்தது. யாரோ "அம்மாடி"ன்னாங்க. அப்புறம் ஒரு குண்டு. தாளைப் போய்ப் பார்த்தா, அதே ஓட்டை. ஓடி வந்து ஸ்கோப்புல கண்ணை வச்சேன்.

கூட்டல் குறி ஓட்டையை விட்டு ஒரு விரல் அகலம் இடது பக்கம் தள்ளி நின்னுச்சு.

"வந்து பாருங்க! எல்லாரும் வந்து பாருங்க!"ன்னு நான் போட்ட கூச்சல் மெயின் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். ஒவ்வொருத்தரா வந்து பார்த்தாங்க. வெள்ளெழுத்துன்னவரை ரெண்டு தடவை பார்க்க வச்சேன். கடைசியா பாய் குனிஞ்சார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்து, "ஆமா, நகர்ந்திருக்கு"ன்னார். சாக்கு சொல்வார், சண்டை போடுவார், நாமளும் நல்லா நாலு வார்த்தை கேட்கலாம்னு காத்துக்கிட்டிருந்தேன். அவரோ, "சொன்ன சொல்லு சொன்னதுதான் டீச்சர். ஸ்கோப்பைக் கழட்டிக் குடுத்துடுங்க, நான் எடுத்துட்டுப் போறேன்"னார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கலை.

அந்த நேரம் பார்த்து மழை பிடிச்சுக்கிச்சு. எல்லாரும் கிளப் கொட்டகையோட அந்தக் கோடிக்கு, போண்டா வந்திருக்குன்னு போயிட்டாங்க. பாய் எனக்கு முதுகு காட்டிக்கிட்டு மழையைப் பார்த்து நின்னார். ஸ்கோப்பை ரைபிளோட சேர்த்துக் கவ்விப் பிடிக்க ரெண்டு இரும்புப் பிடி உண்டு, மவுண்ட்டுன்னு சொல்வோம். அதோட திருகை லூஸ் பண்ணித் தூக்கினேன். பிடிக்கு உள்பக்கம், ரைபிளைக் கவ்வுற பள்ளத்துல, வெளிர் மஞ்சளா என்னவோ தூள் தூளா உதிர்ந்தது. ஈர விரலால தொட்டேன். மூக்குகிட்ட கொண்டுபோனேன்.

சந்தனம்.

அந்த ஒரு நொடியில எல்லாம் புரிஞ்சுபோச்சு. ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் எங்க வீட்டுல டிராக்டர்லேர்ந்து தையல் மெஷின் வரைக்கும் பொட்டு வைப்போம். இந்த வருஷம் ரைபிளையும் வச்சேன். அதுவும் எப்படி? ஸ்கோப் தனியா, மவுண்ட் தனியா, பம்பு தனியான்னு பிரிச்சு, வாழையிலையில பரப்பி, ஒவ்வொண்ணுக்கும் சந்தனம், குங்குமம். மவுண்ட்டோட பள்ளம் வரைக்கும் விரலை விட்டுத் தடவினேன். ஒண்ணை விட்டுட்டா சாமி குத்தமாயிடும்னு பக்தி! மறுநாள் வெளியில தெரிஞ்சதை மட்டும் துணியால துடைச்சுட்டு மாட்டினேன். உள்ள காய்ஞ்சு கிடந்த சந்தனத்தை அந்தப் பிடி கவ்விக்கிட்டு நின்னுருக்கு. திருகு நல்லா டைட்டா இருக்கேன்னு சந்தோஷப்பட்டேன் வேற. பாலத்துக்குப் பாலம் குதிக்கக் குதிக்க அது பொடிப்பொடியா உதிர்ந்து, ஸ்கோப் நகர்ந்திருக்கு. புரட்டாசி கடைசின்னா ஆயுத பூஜை முடிஞ்ச கையோட. இந்தக் கணக்கு எனக்கு ஏன் அப்பவே தோணலை?

இப்ப ஒரு உண்மையைச் சொல்லிடறேன். அந்தத் தூளை ஊதிவிடலாம்னு எனக்குத் தோணுச்சு. உதட்டைக் குவிச்சே குவிச்சுட்டேன். ஒரு ஊது, அவ்வளவுதான். யாரும் பார்க்கலை. பாய் எடுத்துட்டுப் போவார், நான் வேற ஸ்கோப் வாங்கிப்பேன், கிளப்புல என் பேச்சுதான் ஜெயிச்ச பேச்சு. இப்ப வாயைத் திறந்தா இருபது பேர் முன்னாடி மானம் கப்பலேறிடும். அவர் முதுகைப் பார்த்தேன். மழைச்சாரல்ல அந்த இஸ்திரிச் சட்டை நனைஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்தது.

யோசிச்சா நான் ஊதிவிட்டுடுவேன்னு எனக்கே என் மேல பயம் வந்துடுச்சு. அதனால யோசிக்கலை. பள்ளிக்கூடத்து விசில் எப்பவும் என் பாக்கெட்ல கிடக்கும். அதை எடுத்து உயிர் போற மாதிரி ஊதினேன். போண்டாவும் கையுமா எல்லாரும் ஓடி வந்தாங்க. என்னாச்சு, என்னாச்சுன்னாங்க. வந்துட்டாங்களே, இனிமே சொல்லித்தானே ஆகணும்?

"தப்பு என் மேல"ன்னு மவுண்ட்டை நீட்டினேன். பாய் அதை வாங்கிப் பார்த்தார். முகர்ந்தார். "சந்தனம்"னார், நம்ப முடியாம. நான் பூஜை கதையைச் சொன்னேன். செயலாளர், அந்த நிதானமான மனுஷர், "ஏன் டீச்சர், ரைபிளுக்கு நிச்சயதார்த்தமா?"ன்னுட்டார். கொட்டகையே அதிர்ந்துச்சு. வெள்ளெழுத்துக்காரர் போண்டா புரையேறி இருமினார். சிரிங்க சிரிங்கன்னு நின்னேன். காதெல்லாம் எரிஞ்சுது.

பாய் மட்டும் சிரிக்கலை. "சந்தனம்னு சொல்லிட்டா போதாது டீச்சர். சுத்தம் பண்ணி மாட்டின பிறகும் இது நகர்ந்தா நான் சொன்ன சொல்லுதான். மறுபடி அடிங்க."

பல்லு தேய்க்கிற பழைய பிரஷ்ஷால அவரும் நானுமா சுரண்டிச் சுத்தம் பண்ணினோம். துணியில இழுத்துத் துடைச்சோம். மாட்டினேன். மறுபடி அஞ்சு குண்டு, ஒரு ஓட்டை, குறி அது மேல. கொட்டாப்புளியை எடுத்து மேல மூணு அடிச்சேன். இடது பக்கம் முதல் அடி அடிச்சதும் பாய் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இப்ப மெதுவா விழுது."

எனக்கே தெரியலை. நிஜமாவே கை தானா அடங்கித்தான் விழுந்திருக்கு. நகர்ந்துடக் கூடாதேன்னு உள்ளுக்குள்ள இருந்திருக்கு.

"எனக்காக மெதுவா அடிக்காதீங்க. முதல்ல அடிச்சீங்களே, அதே மாதிரி அடிங்க. முதல்லேர்ந்து ஆரம்பிங்க"ன்னார்.

ஆரம்பிச்சேன். பன்னிரண்டு. அதே அடி, ஒண்ணும் குறையாம. பத்தாவது அடிக்கு என் தோள்பட்டை கழண்டுடும் போல இருந்துச்சு. கடைசிக் குண்டு பழைய ஓட்டையிலயே விழுந்தது. ஸ்கோப்புல நான் பார்க்கலை, எனக்குத் தைரியம் இல்லை. செயலாளர் குனிஞ்சு பார்த்தார். "ஓட்டைக்கு நேர் மேல நிக்குது. ஒரு மயிரிழை நகரலை"ன்னார். எல்லாரும் வரிசையில வந்து பார்த்தாங்க. எல்லாரும் அதையே சொன்னாங்க. பாய் பார்த்துட்டு, ஒரு மூச்சு விட்டு, அங்க கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்தார்.

குரூப்புல நான் போட்ட பழைய மெசேஜை அழிக்கப் பார்த்தேன். நாளாயிடுச்சுன்னு போன் ஒத்துக்கலை. "இருக்கட்டும். அதுக்குக் கீழயே சொல்லுங்க. எழுத வேணாம், உங்க குரல்லயே சொல்லுங்க"ன்னார் பாய். பக்கத்து நாற்காலியில உட்கார்ந்து பேசிப் பதிவு பண்ணினேன்.

"எல்லாருக்கும் வணக்கம். ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனம் மவுண்ட்ல மாட்டிக்கிட்டதால ஸ்கோப் நகர்ந்திருக்கு. பாய் கடைப் பொருள்ல எந்தக் குறையும் இல்லை." அனுப்பறதுக்கு முன்னாடி அவருக்குப் போட்டுக் காட்டினேன்.

கேட்டுட்டு மெதுவா சொன்னார். "இதுல சந்தனம்தான் தப்பு பண்ணியிருக்கு டீச்சர்."

அழிச்சேன். மறுபடி பேசினேன். "ஒரு சின்ன அவசரத்துல நான் போட்ட மெசேஜ்..." அதைப் போட்டுக் காட்டினப்ப அவர் மழையைப் பார்த்துக்கிட்டிருந்தார். சின்னங்கற வார்த்தை என் காதுக்கே அசிங்கமா கேட்டுச்சு. அதையும் அழிச்சேன்.

மூணாவது தடவை போனை வாய்கிட்ட வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். என் ஆயுசுலயே பேசறதுக்கு முன்னாடி நான் நிறுத்தி யோசிச்சது அதுதான் முதல் தடவையா இருக்கும். "நாகப்பட்டினம் பாயை நான் ஃபிராடுன்னு சொன்னேன். அவரை ஒரு வார்த்தை கேட்கலை. ஸ்கோப்பைக் கழட்டிப் பார்க்கலை. பார்க்காமலே சொன்னேன். அது பொய். என்னை மன்னிச்சுடுங்க பாய்." கடைசி வார்த்தையில குரல் உடைஞ்சுபோச்சு. அழிச்சுட்டு வேற பேசலாமான்னு பார்த்தேன். அவர், "இதைப் போடுங்க"ன்னார். போட்டேன்.

குடையை எடுத்துக்கிட்டு எழுந்தார். ரெண்டு எட்டு வச்சவர் திரும்பி வந்தார்.

"அதை எனக்கும் ஒண்ணு அனுப்பிடுங்க டீச்சர். வீட்டுல போட்டுக் காட்டணும். உங்க முதல் மெசேஜை எனக்குக் காட்டினது என் பொண்ணு."